நிரை போடும்போதே பேசுவோம்

(ஈப்போவில் கூடிய தொழிலாளர் கூட்டத்தில் ஆற்றப்பட்ட சொற்பொழிவு)



சம்பளத்தைப் பற்றிப் பேசக் கூட்டம் கூட்டினால் மண்டபம் நிரம்பி வழியும். போனஸ் என்றால் வாசலிலும் ஆள் நிற்கும். இன்று நாங்கள் பேச வந்திருப்பதோ ஒரு திடலைப் பற்றி, நாலு மரங்களைப் பற்றி, நாம் குடியிருக்கும் இடத்தின் வரைபடத்தைப் பற்றி. "இதற்கெல்லாமா ஒரு கூட்டம்?" என்று சிலர் நினைக்கலாம். அப்படி நினைத்தவர்களில் நாங்களும் ஒரு காலத்தில் இருந்தோம். அந்த நினைப்பினால் நாங்கள் இழந்தது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறோம்.

நாங்கள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் லயங்களுக்கு முன்னே ஒரு திடல் இருந்தது. ஒரு பக்கம் மாரியம்மன் கோயில், மறு பக்கம் ஆயாக் கொட்டகை, ஓரத்தில் பெரிய தூங்குமூஞ்சி மரம். விடியுமுன் பெரட்டுக்குப் போனவர்கள் பாலை நிறுத்துக் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்து உட்கார்ந்தது அந்த மரத்தடியில்தான். பிள்ளைகள் பந்து விளையாடியதும், பொங்கல் பானை வைத்ததும், சங்கக் கூட்டம் நடத்தியதும் அந்தத் திடலில்தான். தோட்டம் கைமாறியது. கித்தா மரங்கள் சாய்ந்தன. லயத்து மக்களுக்கு அருகிலேயே மலிவு வீடுகள் கிடைத்தன. திடல் மட்டும் அப்படியே இருந்தது. அது நம்முடையது, யார் அதைத் தொடப்போகிறார்கள் என்று நாங்கள் நிம்மதியாக இருந்துவிட்டோம்.

ஒரு நாள் காலையில் மண்வாரி இயந்திரங்கள் வந்தன. மத்தியானத்துக்குள் தூங்குமூஞ்சி மரம் விழுந்தது. பெண்கள் அழுதார்கள். இளைஞர்கள் ஆத்திரப்பட்டார்கள். நாங்கள் பத்துப் பேர் மன்றத்து அலுவலகத்துக்கு ஓடினோம். அங்கே இருந்த அதிகாரி எங்களை விரட்டவில்லை. உட்கார வைத்து ஒரு வரைபடத்தை விரித்துக் காட்டினார். எங்கள் திடல் இருந்த இடத்தில் கடைகளுக்கான நிறம் பூசியிருந்தது. "இந்த வரைபடம் நான்கு வாரம் இதே கூடத்தில் பொதுமக்கள் பார்வைக்கு இருந்ததே! உங்கள் பக்கத்திலிருந்து ஒரு கடிதம்கூட வரவில்லையே!" என்றார். எங்களால் பதில் சொல்ல முடியவில்லை.

திரும்பி வரும் வழியில் எங்களோடு வந்த கிராணி ஒருவர் மெதுவாகச் சொன்னார்: "அந்த அறிவிப்பை மலாய்ப் பத்திரிகையில் நான் பார்த்தேன். நமக்கென்ன என்று பக்கத்தைத் திருப்பிவிட்டேன்." அவரை நாங்கள் குறை கூறவில்லை. அவராவது பார்த்தார், நாங்கள் பார்க்கவும் இல்லை. அந்த ஊரின் பெயரும், அலுவலகத்தின் பெயரும் இங்கே வேண்டாம். நாங்கள் சொல்ல வந்தது எங்கள் பிழையை. அந்தப் பிழை உங்களுக்கும் நேர்ந்துவிடக் கூடாது என்பதற்காகவே இந்தப் பேச்சு.

தோழர்களே! ஒரு தோட்டத்தில் கன்று நடும்போது முதலில் என்ன செய்கிறோம்? நிரை போடுகிறோம். குச்சி அடித்து, கயிறு பிடித்து, எந்தக் கன்று எங்கே என்று முடிவு செய்கிறோம். அந்தக் கன்று மரமாகிப் பால் தர ஐந்து ஆறு ஆண்டுகள் ஆகின்றன. மரம் ஆளுயரம் தாண்டிய பிறகு, "நிரை கோணலாக இருக்கிறது, மாற்றுங்கள்" என்றால் யாராவது கேட்பார்களா? ஊர் அமைப்பதும் இதே காரியம்தான். வீடு எங்கே, கடை எங்கே, சாலை எங்கே, திடல் எங்கே என்று காகிதத்தில் நிரை போடும் நாள் ஒன்று இருக்கிறது. அந்த நாளில் பேசுகிறவன் பேச்சு ஏறும். மண்வாரி வந்த பிறகு பேசுவது தும்பை விட்டு வாலைப் பிடிக்கிற கதை.

அந்த நாளில் பேச நமக்கு உரிமை உண்டா? உண்டு. 1976ஆம் ஆண்டின் நகர், நாட்டுப்புறத் திட்டச் சட்டம், அதாவது 172ஆம் சட்டம், அந்த உரிமையைத் தந்திருக்கிறது. மாநிலம் முழுவதற்கும் ஓர் அமைப்புத் திட்டம் உண்டு. அதன் கீழ் ஒவ்வொரு பகுதிக்கும் உள்ளூர்த் திட்டம் உண்டு. மன்றத்தின் முகப்பிலே கேட்கும்போது "ரஞ்சாங்கான் தெம்பாத்தான்" என்று கேளுங்கள், உடனே புரியும். இந்த உள்ளூர்த் திட்டத்தில்தான் ஒவ்வொரு நிலத் துண்டுக்கும் ஒரு நிறம் பூசப்படுகிறது. திட்டத்தின் நகல் தயாரானதும் அதைப் பொதுமக்கள் பார்வைக்கு வைக்க வேண்டும். பத்திரிகைகளில் அறிவிக்க வேண்டும். ஆட்சேபம் தெரிவிக்க 4 வாரத்துக்குக் குறையாத தவணை கொடுக்க வேண்டும். ஆட்சேபம் செய்தவர் நேரில் பேச விரும்பினால், 3 பேர் கொண்ட விசாரணைக் குழுவின் முன் பேசலாம். பிறகு திட்டத்தில் திருத்தம் செய்வதானாலும் மக்களுக்குக் காட்டியே செய்ய வேண்டும்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறோம். இதே சட்டத்தின் 21ஆம் பிரிவில் அக்கம்பக்கத்து நில உரிமையாளர்களுக்கு அறிவிப்பு அனுப்பி, 21 நாள் தவணையில் ஆட்சேபம் கேட்கும் முறை ஒன்று இருக்கிறது. ஆனால் அது உள்ளூர்த் திட்டம் இல்லாத இடத்துக்கு மட்டும். அதுவும் நிலம் உடையவனுக்கு மட்டும். லயத்தில் இருப்பவன் பெயரில் நிலம் ஏது? வாடகை வீட்டில் இருப்பவனுக்கு அந்த அறிவிப்பு வருமா? வராது. ஆகவே, நிலமில்லாத நமக்குத் திறந்திருக்கும் பெரிய கதவு உள்ளூர்த் திட்டம் காட்சிக்கு வைக்கப்படும் அந்த நான்கு வாரம்தான். பட்டா வைத்திருப்பவனும் வரலாம், பால்மரம் வெட்டுகிறவனும் வரலாம். அந்தக் கதவைத் தவறவிட்டால் அடுத்த கதவு எப்போது திறக்கும் என்பது நம் கையில் இல்லை.

"ஓட்டுப் போட்டு ஆள் அனுப்பினால் போதாதா? நாமே போய் நிற்க வேண்டுமா?" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. ஆனால் மாநகர் மன்றத்துக்கும் நகராட்சி மன்றத்துக்கும் நாம் ஓட்டுப் போடுவதில்லை என்பதை மறந்துவிடக் கூடாது. ஒரு காலத்தில் போட்டோம். 1951இல் ஜார்ஜ் டவுனில் தொடங்கிய ஊராட்சித் தேர்தல்கள் பிறகு மற்ற நகரங்களுக்கும் வந்தன. இந்த ஈப்போவின் நகர மன்றத்துக்கும் மக்கள் ஓட்டுப் போட்டே ஆள் அனுப்பினார்கள். சீனிவாசகம் சகோதரர்களின் மக்கள் முற்போக்குக் கட்சி அப்படித்தான் இந்த மன்றத்தில் அமர்ந்தது. டி.ஆர். சீனிவாசகம் பெயரிலுள்ள பூங்காவில் இன்று நம் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். அந்தப் பெயரைப் பார்க்கும்போதெல்லாம், மன்றத்தில் நமக்கும் ஓட்டு இருந்தது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள்.

1965இல், இந்தோனேசிய மோதல் காலத்தில், அத்தேர்தல்கள் நிறுத்திவைக்கப்பட்டன. அதே ஆண்டில் ஊராட்சி மன்றங்களை ஆராய ஓர் அரச விசாரணைக் குழு அமைந்தது. அதற்குத் தலைமை தாங்கியவர் நம்மவரான செனட்டர் ஆதி நாகப்பன். மன்றங்களுக்கு மீண்டும் தேர்தல் வேண்டும் என்றே அந்தக் குழு பரிந்துரைத்தது. அப்பரிந்துரை ஏற்கப்படவில்லை. 1976ஆம் ஆண்டின் ஊராட்சிச் சட்டம் தேர்தலை அடியோடு எடுத்துவிட்டது. இப்போது உறுப்பினர்களை மாநில அரசு நியமிக்கிறது. 8 முதல் 24 பேர் வரை.

ஓட்டு இல்லாத இடத்தில் வாயும் இல்லை என்று இருந்துவிட்டால் நமக்கு என்ன மிச்சம்? ஓட்டு இருந்தவன் ஐந்து ஆண்டுக்கு ஒரு முறை பேசினால் போதும். ஓட்டு இல்லாதவன் ஆண்டு முழுவதும் பேச வேண்டும். அதே ஊராட்சிச் சட்டத்தில், மன்றத்தின் முழுக் கூட்டம், மன்றமே வேறு விதமாகத் தீர்மானித்தாலன்றி, பொதுமக்களும் பத்திரிகைக்காரர்களும் வந்து கேட்கத் திறந்திருக்க வேண்டும் என்று இருக்கிறது. நம்மில் எத்தனை பேர் போய் உட்கார்ந்து கேட்டிருக்கிறோம்? கையை உயர்த்துங்கள் பார்ப்போம். ஒரு கையும் காணோம். எங்கள் கையும் உயரவில்லை.

இனி, கோலாலம்பூரில் நடந்த ஒன்றைச் சொல்கிறோம். புக்கிட் கியாரா முன்பு கித்தாத் தோட்டம். அங்கே பால் வெட்டிய குடும்பங்கள் 1982 முதல் நீண்ட வரிசை வீடுகளில், நிலையான வீடு வரும் வரும் என்று காத்திருந்தார்கள். அவர்களுக்குப் பக்கத்தில் தாமான் ரிம்பா கியாரா என்ற பூங்கா. மரமும் நிழலுமாகப் பலரும் வந்துபோகும் இடம். 2017இல் அந்தப் பூங்கா நிலத்தில் அடுக்குமாடிக் கட்டடங்கள் எழுப்ப அனுமதி வழங்கப்பட்டது. அந்தத் திட்டத்துக்குள்ளேயே தோட்டக் குடும்பங்களுக்கும் ஒரு கட்டடம் என்று சொல்லப்பட்டது. அக்கம்பக்கத்து மக்கள் நீதிமன்றம் போனார்கள். 2018இல் உயர் நீதிமன்றத்தில் தோற்றார்கள். 2021இல் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் வென்றார்கள். 2023 ஏப்ரலில் கூட்டரசு நீதிமன்றம் அந்த வெற்றியை உறுதிப்படுத்தியது. நகரத்தின் திட்டம் சட்டப்படி கட்டுப்படுத்தும் ஆவணம். நினைத்தபடி அதைவிட்டு விலக முடியாது என்பதே அந்தத் தீர்ப்பு சொன்ன பெரிய செய்தி.

இதிலே நமக்கு இரண்டு பாடங்கள் இருக்கின்றன. முதலாவது, திட்டத்தில் பச்சை நிறம் பூசியிருந்தால் அது வெறும் நிறமல்ல. நீதிமன்றத்தில் நிற்கக்கூடிய ஆதாரம். எனவேதான் நிறம் பூசும் நாளிலேயே நாம் அங்கே இருக்க வேண்டும் என்கிறோம். இரண்டாவது பாடம் கசப்பானது. பூங்காவைக் காக்க நின்றவர்கள் ஒரு புறம், வீட்டுக்காகக் காத்திருந்த பாட்டாளிகள் மறு புறம் என்று ஆகிவிட்டது. யார் செய்த பாவம் இது? வீடு வேண்டுமானால் பூங்காவைக் கொடு, பூங்கா வேண்டுமானால் ஏழையின் வீட்டை மறந்துவிடு என்று ஏன் ஆக வேண்டும்? வீடும் வேண்டும், திடலும் வேண்டும். இரண்டையும் ஒரே கடிதத்தில், ஒரே குரலில் கேட்க வேண்டும். அப்படிக் கேட்டால் நம்மை யாரும் எதிரெதிராக நிறுத்த முடியாது.

"சோற்றுக்கே பாடாய் இருக்கும்போது பூங்கா எதற்கு? அது பணக்காரன் விஷயம்" என்று சொல்கிறவர்களும் உண்டு. நாங்கள் எண்ணிப் பார்த்தோம். பணக்காரன் வீட்டுக்கு முன்னே புல்தரை இருக்கிறது. அவன் பிள்ளை காரில் ஏறிக் கிளப்புக்குப் போய் நீந்துகிறது. நம் பிள்ளைக்கு வீடு மூன்று அறை. அதற்கு வெளியே இருப்பது திடல் ஒன்றுதான். அதையும் எடுத்துவிட்டால் அவன் படிக்கட்டில் உட்காருவான். படிக்கட்டில் எந்தக் கூட்டம் வந்து சேரும் என்று உங்களுக்கே தெரியும். லயத்துப் பின்னால் கீரையும் மிளகாயும் கத்தரியும் போட்டுக் குடும்பம் ஓட்டிய தாய்மார்கள் அடுக்குமாடிக்கு வந்தபின் ஒரு கொத்து கறிவேப்பிலைக்கும் காசு கொடுக்கிறார்கள். மழைநீரை இழுக்க மண் வேண்டும். வெயிலைத் தாங்க மரம் வேண்டும். சிமெண்டுத் தரை இந்த இரண்டையும் செய்யாது. பசுமை என்பது ஏழையின் சொத்து. அதைக் கேட்பது ஆடம்பரம் அல்ல.

கேட்பதற்கு அளவும் இருக்கிறது. வீடமைப்பு நிலத்தில் 10 விழுக்காடு திறந்த வெளியாக விடப்பட வேண்டும் என்பது திட்டத் துறையின் வழிகாட்டி. 1,000 பேருக்கு 2 ஹெக்டர் திறந்த வெளி என்பது நாட்டின் குறி. 100 ஏக்கர் தோட்டம் தாமானாக மாறுகிறதென்றால் 10 ஏக்கர் திடலும் பூங்காவுமாக வர வேண்டும் என்று கிராணிமார் ஒரு நிமிடத்தில் கணக்குப் போட்டுவிடுவார்கள். ஆனால் எந்தப் பத்து ஏக்கர் என்பதுதான் கேள்வி. வடிகாலின் ஓரம், மேட்டுச் சரிவு, கடைசி மூலையில் ஒரு முக்கோணம் என்று துண்டு துண்டாகக் கொடுத்தால் கணக்கு சரியாக இருக்கும், பிள்ளை பந்து விளையாட இடம் இருக்காது. வரைபடத்தைப் பார்க்கும்போது அளவை மட்டும் பார்க்காதீர்கள்; அது எங்கே இருக்கிறது, எப்படி இருக்கிறது என்றும் பாருங்கள்.

மரத்துக்கும் சட்டம் இருக்கிறது. மன்ற எல்லைக்குள் சுற்றளவு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட மரத்தை வெட்ட, எழுத்து மூலமான அனுமதி வேண்டும் என்று அதே 172ஆம் சட்டம் சொல்கிறது. பட்டுப்போன மரம், ஆபத்தான மரம் போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. அருமையான மரத்தைக் காப்பதற்கென்று மன்றம் தனி ஆணையும் பிறப்பிக்கலாம். மரத்தைச் சுற்றி நாடா பிடிக்க நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. 50 சென்டிமீட்டர் சுற்றளவு வந்ததும் உளி வைக்கலாம் என்று அளந்து பழகிய கைகள் இவை. அந்தக் கை இனி ஊர் மரத்தையும் அளக்கட்டும்.

சரி, என்ன செய்வது? ஐந்து வேலைகளைச் சொல்கிறோம்.

ஒன்று: ஒவ்வொரு தோட்டத்திலும், ஒவ்வொரு தாமானிலும் ஐந்து பேர் கொண்ட ஒரு குழு அமையுங்கள். அதில் இரண்டு பேர் பெண்களாக இருக்கட்டும். பகலெல்லாம் அந்த இடத்தில் இருப்பவர்கள் அவர்கள்தான். எந்த வடிகால் அடைக்கிறது, எந்த விளக்கு எரியவில்லை, எந்த மூலையில் பிள்ளை போகப் பயப்படுகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். முடிந்தால் குடியிருப்போர் சங்கமாகப் பதிவு செய்யுங்கள். பதிவுள்ள சங்கத்தின் கடிதத்துக்கு எடை அதிகம்.

இரண்டு: ஒரு வரைபடம் போடுங்கள். பள்ளிக்கூடத்து நோட்டுப் புத்தகத் தாள் போதும். கோயில், தமிழ்ப்பள்ளி, திடல், சுடுகாடு, பெரிய மரங்கள், தண்ணீர் நிற்கும் இடம், மக்கள் நடந்து நடந்து உண்டான ஒற்றையடிப் பாதை, எல்லாவற்றையும் குறியுங்கள். அலுவலகத்து வரைபடத்தில் இல்லாதது நம் காலுக்குத் தெரியும்.

மூன்று: பத்திரிகை பார்க்கும் வேலையை ஒருவரிடம் ஒப்படையுங்கள். இது கிராணிமார்களின் கடமை என்று உரிமையோடு சொல்கிறோம். திட்ட அறிவிப்பு வந்த அன்றே அதைக் கத்தரித்துக் கோயில் வாசலிலும் காப்பிக் கடையிலும் ஒட்டுங்கள். தமிழில் இரண்டு வரி எழுதி, கடைசித் தேதியைப் பெரிதாகப் போடுங்கள்.

நான்கு: ஆட்சேபத்தை எழுத்தில் கொடுங்கள். மலாய் மொழியில் எழுதுங்கள். "பந்தாஹான்" என்று தலைப்பிடுங்கள். வேண்டாம் என்று மட்டும் எழுதி நிறுத்தாதீர்கள். திடல் எங்கே இருக்க வேண்டும், ஏன் இருக்க வேண்டும், எத்தனை குடும்பம் அதைப் பயன்படுத்துகிறது என்றும் எழுதுங்கள். நூறு பேர் கையெழுத்திட்ட ஒரு கடிதம் நல்லது. நூறு குடும்பம் தனித்தனியே எழுதிய நூறு கடிதம் அதைவிட நல்லது. பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்காமல் திரும்பாதீர்கள். நேரில் பேச விரும்புகிறோம் என்று மறக்காமல் எழுதுங்கள்.

ஐந்து: கிடைத்த இடத்தைக் காப்பாற்றுங்கள். கேட்டு வாங்கிய திடலில் குப்பை கொட்டினால், நாளை அதை எடுத்துக்கொள்ள வருகிறவனுக்கு நாமே காரணம் எழுதிக் கொடுத்ததாகும். ஞாயிற்றுக்கிழமை இரண்டு மணி நேரம் போதும். மரம் நடுங்கள், கீரைப் பாத்தி போடுங்கள். சீன அண்டை வீட்டாரையும் மலாய் அண்டை வீட்டாரையும் அழையுங்கள். திடல் ஒரு சாதியின் சொத்தல்ல. எல்லாரும் சேர்ந்து கேட்டால் மறுக்க நினைப்பவனும் யோசிப்பான்.

தோழர்களே! இது நம்மால் முடியாத காரியமா? 1950களின் கடைசியில் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்கத் தொடங்கியபோது நம் மூத்தவர்கள் கை கட்டி நிற்கவில்லை. இதே பேராக்கில், சுங்கை சிப்புட்டில் பிறந்த வீ.தி. சம்பந்தன் அவர்கள் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி வைத்தார். பால் வெட்டிய கைகள் மாதம் பத்து வெள்ளியாகக் கட்டி, நூறு வெள்ளிப் பங்கு வாங்கி, தோட்டங்களையே விலைக்கு வாங்கின. பத்து வெள்ளி என்பது அந்நாளில் சின்னக் காசு அல்ல. அடுப்பில் வேக வேண்டியதைக் குறைத்துக் கட்டிய காசு அது. நாங்கள் இன்று உங்களிடம் காசு கேட்கவில்லை. ஒரு கடிதம் கேட்கிறோம். ஓர் ஞாயிற்றுக்கிழமை கேட்கிறோம்.

ஈப்போ என்ற பெயரே ஒரு மரத்தின் பெயர். ரயில் நிலையத்துக்கு எதிரே அந்த மரத்தை நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஈயம் தோண்டிக் குழியாகக் கிடந்த பத்து காஜா நிலத்தில் இன்று பறவைகள் கூடு கட்டுகின்றன. மண் நம்மை மன்னிக்கும் குணம் உடையது. ஆனால் சிமெண்டு பூசிய இடம் மறுபடி திடலானதை நாங்கள் இதுவரை கண்டதில்லை.

எங்கள் தூங்குமூஞ்சி மரம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கடை வரிசை நிற்கிறது. அந்த வழியாகப் போகும்போது எங்கள் கிழவர்கள் சிலர் இன்னும் அந்த இடத்தில் நின்றுவிட்டுத்தான் நடக்கிறார்கள். உங்கள் ஊரில் மரம் இன்னும் நின்றுகொண்டிருக்கிறது. அடுத்த வாரம் மன்றத்துக்குப் போய், "எங்கள் பகுதியின் ரஞ்சாங்கான் தெம்பாத்தானைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். உங்கள் திடல் என்ன நிறத்தில் இருக்கிறது என்று பாருங்கள். பார்த்ததை அடுத்த கூட்டத்தில் வந்து சொல்லுங்கள்.